என் டிப்ளமோவும் எங்கள் வீட்டு வைக்கோல் போரும்

மேட்டூர் திறக்காமல் குறுவை பொய்த்துப்போன ஒரு வருஷத்துக்கு அடுத்து வந்த சித்திரை மாதம் அது. இடம், மன்னார்குடிக்குத் தெற்கே எங்கள் ஊர்க் களம். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. இன்று தலையில் முடியைத் தேடவேண்டியிருக்கிறது. அன்று நெற்றி மேலே கொண்டை போட்டதுபோல் அலை அலையாக நிற்கும். அந்த அலை அன்றைக்கு எப்படிக் கருகியது என்பதுதான் கதை.

அன்று ஊரே கூடி எனக்கு வழியனுப்பு விழா நடத்தியது. நான் வளைகுடா நாட்டுக்கு சேஃப்டி ஆபீசராகப் போகிறேன்! அதாவது, போவதாக இருந்தேன்.

எங்கள் பக்கத்தில் அப்போது தெருவுக்கு நாலு பேர் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருந்தார்கள். வாய்க்காலில் தண்ணீர் வராத வருஷங்களில் பாஸ்போர்ட் ஆபீஸ் வாசலில் கூட்டம் பொங்கி வழியும். நானும் வழிந்தேன். தஞ்சாவூரில் ஒரு ஜவுளிக்கடை மாடியில், வாசற்படியைவிட அகலமான போர்டு மாட்டிய ஒரு இன்ஸ்டிடியூட். பெயரில் 'இன்டர்நேஷனல்' உண்டு. அங்கே ஃபயர் அண்ட் சேஃப்டி டிப்ளமோ கொடுத்தார்கள். மூன்று மாதம் படித்தேன். படித்தேன் என்றால், கழுத்தை நெரிக்கிற டை கட்டிய டைரக்டர் கரும்பலகையில் ஆங்கிலத்தில் எழுதுவார், நாங்கள் பார்த்து எழுதுவோம். முதல் பாடம், 'டோன்ட் பேனிக்'. பதறாதே. அந்த மூன்று மாதத்தில் வகுப்பில் நான் பார்த்த ஒரே நெருப்பு, அவர் சிகரெட் பற்றவைத்ததுதான்.

கடைசி நாள் தங்கநிற முத்திரை ஒட்டிய டிப்ளமோ, ஒரு மஞ்சள் ஹெல்மெட், கழுத்தளவு சிவப்புப் பெயின்ட் அடித்த தீயணைப்பு சிலிண்டர், மூன்றையும் 'கிட்' என்று சொல்லிக் கொடுத்தார்கள். சிலிண்டர் நல்ல கனம். கனமாக இருந்ததால் உயர்ந்த சரக்கு என்று நினைத்துக்கொண்டேன். விறகுக்கட்டைகூடக் கனமாகத்தான் இருக்கும் என்று அன்றைக்குத் தோன்றவில்லை.

பீஸுக்கு அம்மாவின் சங்கிலி போயிருந்தது. விசாவுக்கு நிலம் போகவேண்டும். இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். அப்பா சாகுபடி செய்தது பக்கத்து ஊர் மிராசுதாரின் ஐந்து மா நிலத்தை, அதாவது ஒன்றரை ஏக்கர் சொச்சத்தை. குத்தகைக்காரர்களை வரப்பிலிருந்து விரட்டப் பார்த்த காலத்தில், அப்பா கொடி பிடித்து, நட்ட வயலில் படுத்துக் கிடந்து, இடது தோளில் தடியடி வாங்கி, தன் பெயரைக் குத்தகைதாரராகத் தாலுகா ஆபீசில் பதிந்துகொண்டவர். அந்தப் பதிவு இருக்கிறவரை யாரும் அவரை அந்த நிலத்திலிருந்து இறக்க முடியாது. மிராசுதார் வீட்டாரும் ரொம்ப நாளாக, உரிமையை விட்டு எழுதிக்கொடுத்தால் ஒரு தொகை தருகிறோம் என்று தூது விட்டபடி இருந்தார்கள். அப்பா மசியவில்லை. மகன் சேஃப்டி ஆபீசர் ஆனதும் மசிந்தார். விழாவுக்கு மறுநாள் பத்து மணிக்கு ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்து.

அதனால் விழாவுக்கு மிராசுதாரின் காரியஸ்தரும் வந்திருந்தார். வெள்ளை வேட்டி, கக்கத்தில் தோல்பை. பந்தி எப்போது என்று சமையல் பக்கமும், அப்பா எங்கே என்று கூட்டத்தின் பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் ஊரில் காதுகுத்து என்றாலும் மைக் செட் வேண்டும், பேச்சு வேண்டும், பொன்னாடை வேண்டும். கட்சியின் கிளைச் செயலாளர் எனக்கு மாமா முறை. "தஞ்சைத் தரணியின் தங்கமே, தீயைத் தின்னும் சிங்கமே!" என்று ஆரம்பித்து, ஜரிகை பளபளக்கும் நைலான் பொன்னாடையை எனக்குப் போர்த்தினார். கைதட்டல் அடங்குவதற்குள் மைக்கிலேயே கேட்டார்: "மாப்ள, சும்மா மாலைய வாங்கிட்டுப் போனா எப்புடி? சனம் பாக்கட்டும். அந்தச் சிவப்பு டப்பாவ வச்சு ஒரு டெமோ காட்டுங்க!"

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் தலையில் ஹெல்மெட், தோளில் பொன்னாடை, பெண்கள் பகுதியில் என் அத்தை மகள். களத்தின் நடுவில் ஒரு கை வைக்கோலைப் போட்டுக் கொளுத்தினேன். கரும்பலகைப் பாடப்படி, நெருப்பை நன்றாக வளரவிட்டேன். பிறகு சிலிண்டரின் ஊசியைப் பிடுங்கி, குழாயை நீட்டி, மூஞ்சியில் ஒரு சினிமாப் பார்வையோடு பிடியை அழுத்தினேன்.

ஒன்றும் வரவில்லை.

மறுபடி அழுத்தினேன். குழாய் முனையிலிருந்து ஒரு பல்லி மட்டும் வெளியே வந்து, என்னை ஒருதரம் பார்த்துவிட்டு ஓடியது. அதற்குத் தெரிந்திருக்கிறது.

சித்திரைக் காற்று எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாது. திரும்பியது. எரிகிற வைக்கோல் எழுந்து பறந்து எங்கள் வீட்டு வைக்கோல் போரின் அடியில் போய் உட்கார்ந்தது. ஒரு வருஷத்துக்கு மாடுகள் தின்ன வேண்டிய வைக்கோல். அதற்கு ஒட்டினாற்போல் அத்தை வீட்டுக் கூரை. போரின் ஒரு பக்கம் மஞ்சளாகச் சிரித்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? "டோன்ட் பேனிக்! டோன்ட் பேனிக்!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டே, சிலிண்டரைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு, போரைச் சுற்றி ஓடினேன். ஒரு சுற்று முடித்துப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தேன். அத்தை கூரையை நோக்கி ஓடிக்கொண்டே என்னைப் பார்த்துக் கத்தினார்: "ஏன்டா, பெருமாள் கோயிலா இது, சுத்தி வர்றதுக்கு? தண்ணிய ஊத்துடா, பாவி!"

அப்போது எனக்கு இரண்டாம் பாடம் ஞாபகம் வந்தது. நெருப்பைப் போர்வையால் மூடு. தோளில் போர்வை இருக்கிறதே! பொன்னாடையை உருவி வீசினேன். நைலான் எப்படி எரியும் என்று பார்த்திருக்கிறீர்களா? ஜரிகையோடு சேர்ந்து 'பக்'கென்று ஆள் உயரத்துக்கு எழுந்தது. என் தலை அலை அதில்தான் போனது. ஹெல்மெட் எங்கே என்று கேட்காதீர்கள். முதல் சுற்றிலேயே விழுந்துவிட்டது.

ஊர்தான் அணைத்தது. நாலைந்து பேர் கவைக்கோலால் போரைக் குத்தி இழுத்து, எரிகிற பக்கத்தைத் தனியாகப் பிரித்துப் போட்டார்கள். பம்ப்செட் எட்ட இருந்தது. கிட்ட இருந்தது பந்தி. மாமா மைக்கிலேயே, "அண்டாவத் தூக்குங்கடா!" என்று அலறினார். முதலில் மோர் அண்டா வந்தது. அடுத்து ரசம். கடைசியில் சமையல்காரர் தலையில் அடித்துக்கொள்ள, சாம்பாரும் வந்தது. பாதிப் போரும் அத்தையின் கூரையும் பிழைத்தன. விருந்து பிழைக்கவில்லை. களம் முழுக்க முருங்கைக்காய் வாசனையில் புகை. காரியஸ்தரின் வெள்ளை வேட்டி மஞ்சளாகியிருந்தது. தோல்பையை மட்டும் தலைக்கு மேலே தூக்கிக் காப்பாற்றியிருந்தார்.

அப்பா என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் பயம் போயிருக்கும். அவர் ஆயில் எஞ்சின் ஸ்பேனரை எடுத்துவரச் சொல்லி, சிலிண்டரை மடியில் வைத்துத் தலையைத் திருகினார். கவிழ்த்தார். உள்ளேயிருந்து மணல் கொட்டியது. நல்ல, சலித்த, வெள்ளை ஆற்று மணல். கனத்துக்காக நிரப்பியிருக்கிறார்கள்! அந்த மணலாவது குழாய் வழியே வந்திருந்தால் நெருப்பு அணைந்திருக்கும்.

அப்பா அதில் ஒரு பிடியை எடுத்துப் பார்த்தார். "நம்ம ஆத்து மணலு" என்றார்.

காரியஸ்தர் வேட்டியைப் பிழிந்தபடி வந்தார். "ஆனது ஆச்சு. நாளைக்கு பத்து மணி, மறந்துடாதீங்க."

"ரிஜிஸ்டர் ஆபீசு எங்கயும் ஓடிப்போயிடாதுங்க" என்றார் அப்பா. "நாளைக்கு நாங்க தஞ்சாவூர் போறோம். டேய், அந்த மணல அப்படியே திரும்ப உள்ள போடு. சிந்தாம போடு."

மறுநாள் பஸ்சில் கண்டக்டர், "சிலிண்டர்லாம் ஏத்தக் கூடாது, இறங்குங்க" என்றார்.

"இது கேஸ் இல்லண்ணே. மணலுதான்."

"மணலு கடத்துறதுக்கு இப்புடி ஒரு வழியா?" என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது. என் புருவமும் பாதி கருகியிருந்தது; அந்த மூஞ்சியோடு நானும் சேர்ந்து சிரித்தேன்.

இன்ஸ்டிடியூட்டைப் பூட்டிக்கொண்டு ஓடியிருப்பார்கள் என்றுதான் நினைத்துப் போனேன். என் முதல் அதிர்ச்சி, அது திறந்திருந்தது. இரண்டாவது, உள்ளே அடுத்த பேட்ச் உட்கார்ந்திருந்தது. கரும்பலகையில் அதே 'டோன்ட் பேனிக்'. சுவரோரமாகப் புதுப் பெயின்ட் வாசனையோடு சிவப்பு சிலிண்டர்கள் வரிசையாக நின்றன.

டைரக்டர் எழுந்திருக்கக்கூட இல்லை. என் புருவத்தைப் பார்த்தார், கையிலிருந்த சிலிண்டரைப் பார்த்தார், விளங்கிக்கொண்டார்.

"தம்பி, அது டெமோ பீஸ். பிடிச்சுப் பழகுறதுக்குக் குடுக்கிறது. அதை வச்சு யாராவது தீய அணைப்பாங்களா?"

"அப்ப டிப்ளமோ சார்?"

"அதுவும் கையில வச்சுக்கத்தான். அங்க போனா கம்பெனிக்காரன் சொல்லிக் குடுப்பான். நீங்க சொல்லுங்க பெரியவரே, உங்க பையன் ஃபிளைட் ஏறணுமா வேணாமா?"

நான் சண்டைக்கு வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஓரத்து பெஞ்சில் இருந்த பெண்ணைக் கவனித்தேன். முப்பது வயது இருக்கும். முத்துப்பேட்டைப் பக்கத்திலிருந்து விடியற்காலையில் கிளம்பி வந்திருந்தார். மடியில் பிளாஸ்டிக் கவர் போட்ட டிப்ளமோ. அதே தங்க முத்திரை.

"நீங்களும் இங்க படிச்சவங்களா தம்பி?" என்று கேட்டார்.

அவர் கணவர் எனக்கு முந்திய பேட்ச். வளைகுடாவுக்குப் போயே விட்டார். போன இடத்தில் ஒரு நாள், எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்குகிற ஆட்களுக்கு முகமூடி மாட்டிவிடச் சொன்னார்களாம். அது எந்தப் பக்கம் மேல் என்றே அவருக்குத் தெரியவில்லை. நல்லவேளை, யாரும் இறங்கவில்லை. அன்றே வேலை போயிற்று. பாஸ்போர்ட்டை ஏஜென்ட் வைத்துக்கொண்டான். இப்போது பாலைவனத்தில் யாருக்கோ ஆடு மேய்க்கிறார். ஒரே ஒருமுறை போனில் பேசினார், பேசவில்லை, அழுதார்.

சொல்லிவிட்டு அந்தப் பெண், எனக்கு நல்ல சேதி சொல்கிற மாதிரி சொன்னார்: "இதுக்கு மேல அட்வான்ஸ் டிப்ளமோன்னு ஒண்ணு இருக்காமே? அத வாங்கி அனுப்புனா கம்பெனில திரும்ப எடுத்துக்குவாங்கன்னு சார் சொல்றாரு. அதான் வந்தேன்."

அவருடைய இடது காது வெறுமையாக இருந்தது. அந்தத் தோடு டைரக்டரின் மேஜையில், ரசீதுப் புத்தகத்தின் மேல் இருந்தது. வலது காதின் திருகாணியைக் கழற்றிக்கொண்டிருந்தார். பழைய திருகாணி, சுலபத்தில் வரவில்லை.

நான் எதற்கும் சிரிக்கிறவன். சாவு வீட்டிலேயே சிரித்து அடி வாங்கியிருக்கிறேன். அந்த அறையில் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. களத்தில் போர் எரிந்தபோது பதறியதெல்லாம் ஒரு பதற்றமே இல்லை. அங்கே அலறவாவது முடிந்தது.

அப்பாவைப் பார்த்தேன். அவர் ஸ்பேனரை எடுத்து நீட்டினார். பஸ்சில் வரும்போது அவர் மடியில் அது இருந்ததே எனக்குத் தெரியாது.

தலையைத் திருகி, சிலிண்டரை டைரக்டரின் மேஜை மேல் கவிழ்த்தேன். ரசீதுப் புத்தகம், டெலிபோன், கண்ணாடிப் பேனா ஸ்டாண்ட், எல்லாவற்றின் மேலும் மணல் சரசரவென்று கொட்டியது. கொட்டக் கொட்ட வந்தது. அந்தச் சத்தத்துக்கு வகுப்பே திரும்பியது. பின்வரிசையில் ஒருவன் எழுந்துவந்து, சுவரோரச் சிலிண்டர் ஒன்றைத் தூக்கிக் குலுக்கினான். உள்ளே அதே சரசரப்பு. இன்னொருவன் அடுத்ததைக் குலுக்கினான். பிறகு அந்த அறையில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. டைரக்டர் டையைத் தளர்த்திக்கொண்டு கதவைப் பார்த்தார். கதவில் அப்பா நின்றுகொண்டிருந்தார். நட்ட வயலில் படுத்து மறித்தவருக்கு ஒரு மாடிப்படி பெரிய விஷயமில்லை. "டோன்ட் பேனிக் சார்" என்றேன். அப்போதுதான் எனக்கு நாக்கு திரும்பியது. போலீஸ் வந்தது அதற்கப்புறம்.

அந்தப் பெண் மட்டும் கூச்சலில் சேரவில்லை. மேஜையருகே வந்து, மணலை விரலால் விலக்கி, புதைந்திருந்த தோட்டைத் தேடி எடுத்தார். ஊதிவிட்டு, காதில் மாட்டிக்கொண்டார். "அப்ப அவருக்கு நான் என்னத்த அனுப்புறது?" என்று என்னைக் கேட்டார். அவரைக் கிளைச் செயலாளர் மாமாவிடம் அழைத்துப்போனோம். அவர் யார் யாருக்கோ மனு எழுதினார், எங்கெங்கோ போன் போட்டார். மேடையில் அளக்கிற மனிதர், இதில் அளக்கவில்லை. மறு வருஷம் அறுவடைக்குள் அந்தப் பெண்ணின் கணவர் வந்து சேர்ந்துவிட்டார் என்று சேதி வந்தது. என்ன உடம்போடு வந்தார் என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

காரியஸ்தர் இன்னும் இரண்டு முறை வந்துபோனார். அப்பா அவருக்கு மோர் கொடுத்து அனுப்பினார். அந்த ஐந்து மாவில் இப்போது நான் சாகுபடி செய்கிறேன். வயலில் வருமானம் என்ன என்று கேட்டால் ஜோக்கடித்துத்தான் சமாளிக்க வேண்டும். ஆனாலும் வரப்பில் என் கால் இருக்கிறது. சிவப்பு சிலிண்டர் மோட்டார் கொட்டகைக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் முட்டுக் கொடுக்கிறது. அதை வாங்கியதிலிருந்து அது செய்த முதல் வேலை இதுதான்.

வைக்கோல் போர் கதையைச் சொல்லி ஊரைச் சிரிக்கவைத்துக்கொண்டே இருக்கிறேன். ஆனால் அன்றைக்கு அந்தச் சிலிண்டர் மட்டும் வேலை செய்திருந்தால், நான் கைதட்டல் வாங்கி, அப்பாவைக் கையெழுத்துப் போடவைத்து, விமானம் ஏறியிருப்பேன் என்பதும், அந்த ஓரத்து பெஞ்சில் ஒரு நாள் என் அம்மா உட்கார்ந்து திருகாணியைக் கழற்றிக்கொண்டிருந்திருப்பார் என்பதும், சிரித்து முடித்து வீட்டுக்கு நடக்கையில் இன்றும் என் கூடவே வருகிறது.