சிவப்பு அம்பு கேட்ட போடில்

லாரி வலப்பக்கம் திரும்பியபோது சைக்கிளில் வந்த போடிலுக்கும் பச்சைதான் எரிந்துகொண்டிருந்தது. நேரே போகும் சைக்கிளுக்கும் திரும்புகிற லாரிக்கும் ஒரே நேரத்தில் பச்சை. டென்மார்க்கின் அந்தத் துறைமுக ஊரில் எல்லா முனையிலும் அப்படித்தான். ஓட்டுநர் அவளைப் பார்க்கவே இல்லை. பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவளுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

செயற்கைக் கால் பழகியதும் மூன்று சக்கர சைக்கிள் வாங்கினாள். கணவன் எப்பெ வாசலிலேயே வழிமறித்தான்.

"பஸ்ஸுல போயேன், போடில்."

"நான் எதுக்கு மாறணும்? லாரி நிக்கட்டும்."

நகராட்சிப் பொறியாளர் ஆஸ்கரிடம் போனாள். சைக்கிளும் நடப்பவர்களும் போய் முடியும்வரை, திரும்பும் வண்டிகளுக்குத் தனியாகச் சிவப்பு அம்பு எரிய வேண்டும் என்றாள்.

"அப்படி வச்சா துறைமுகம் வரைக்கும் லாரி நிக்கும். எச்சரிக்கைப் பலகை வேணா வைக்கிறோம்."

"அத உன் வீட்டுல மாட்டிக்க, ஆஸ்கர்."

திங்கட்கிழமை காலை, நீச்சல் குளத்துப் பெண்களோடு மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு அதே முனையில் நின்றாள். நடப்பவர்களுக்குப் பச்சை விழுந்ததும் இரு பக்கமிருந்தும் கடந்தார்கள், உடனே திரும்பினார்கள். சிவப்பு விழுந்தால் ஒழுங்காக ஓரம் ஒதுங்கினார்கள். பச்சை இருக்கும்வரை சாலையைக் கடக்கும் வெள்ளைக் கோடுகள் காலியாகவே இல்லை. ஒரு லாரியாலும் திரும்ப முடியவில்லை.

போலீஸ்காரி வந்தாள். "என்ன பண்றீங்க?"

"ரோட்டக் கடக்குறோம்."

"திரும்பத் திரும்பவா?"

"பச்சை திரும்பத் திரும்ப வருதே!"

எந்தச் சட்டத்தில் மடக்குவதென்று தெரியாமல் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு போய்விட்டாள்.

முதல் லாரியிலிருந்து ஒருவன் கத்தினான். "வேற வேலையே இல்லையா உங்களுக்கு?"

"இருந்துச்சு. உன்ன மாதிரி ஒருத்தன் திரும்புறதுக்கு முன்னாடி." போடில் கால்சட்டையைத் தூக்கிச் செயற்கைக் காலைக் காட்டினாள்.

அவன் பெயர் ஸ்டீன். எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்தான். "எனக்கு மட்டும் ஆசையா? அந்தப் பக்கம் பாதி எனக்குத் தெரியுறதே இல்ல. ஒவ்வொரு தடவையும் நெஞ்சு படபடங்குது. சிவப்பு காட்டினா நின்னுட்டுப் போறேன்."

"இத ஆஸ்கர்கிட்ட சொல்லு."

சொன்னான், தன்னோடு மற்ற ஓட்டுநர்களையும் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னான். லாரிக்காரர்களே நிற்கிறோம் என்றபிறகு ஆஸ்கருக்குச் சாக்கு இல்லை. இலையுதிர் காலத்தில் அம்பு வந்தது.

முதல் நாள், சிவப்பு அம்புக்கு முன்னால் உறுமி நின்ற லாரியைத் தாண்டும்போது போடில் ஓட்டுநரை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். வேகத்தை மட்டும் அவள் குறைக்கவில்லை. சாலையின் எதிர்ப்பக்கம் ஆஸ்கர் கைநீட்டி நின்றிருந்தார்.

கையைக் குலுக்கிவிட்டுக் கேட்டாள்: "தேவாலய முனைக்கு எப்போ? இல்ல, அங்கயும் நாங்க நடக்க வரணுமா?"