டிலானியின் ரொட்டிப் பொட்டலம்

டயகமத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் ஜெயந்தினிக்கு வயது இருபத்தேழு. ஓ.எல். பரீட்சை வரை படித்தவள், ஒரு பெண் குழந்தைக்குத் தாய், நாளொன்றுக்கு இருபது கிலோவை அலுங்காமல் எடுப்பவள். இந்த உலகத்தில் அவளுக்கு ஆகாத ஆள் ஒருத்திதான். அது கணவனின் தம்பி பெண்டாட்டி டிலானி.

டிலானி அவளுக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. ஒல்லியாக இருந்தாள், அவ்வளவுதான் அவள் செய்த குற்றம். ஒரே லய வீட்டில், ஒரே அடுப்பில் இரண்டு குடும்பமும் பொங்கித் தின்றன. காலையில் கோதுமை மா ரொட்டி, மத்தியானம் கொழுந்து மலையில் அதே ரொட்டி, ராத்திரிக்குச் சோறும் உருளைக்கிழங்கும். பிள்ளை பெற்றபின் ஜெயந்தினி தன் இடுப்பைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. டிலானிக்கோ கல்யாணச் சட்டை தொளதொளவென்று கிடந்தது. கோயில் திருவிழாவில் அவள் சேலை கட்டி நடந்தால் ஜெயந்தினிக்கு வயிறு எரியும்.

எரிகிற வயிற்றில் எண்ணெய் ஊற்றினாள், அவளைச் சோதித்துப் பார்த்த தோட்டத்து டிஸ்பென்சரி நர்ஸ் மிஸி.

"ரத்தத்துல சீனி எல்லைக்கு வந்திருச்சு, பிரஷரும் கூடியிருக்கு. ஒரு நாளைக்கு எட்டு ரொட்டியா? இந்த வயசுலயே நெஞ்சக் கெடுத்துக்காதீங்க. ரொட்டிய பாதியாக்கி, பருப்பும் கீரையும் கூடச் சாப்பிடுங்க. தேத்தண்ணிக்குச் சீனி வேணாம்."

தான் தின்னாமல் இருப்பதைக்கூட ஜெயந்தினி பொறுத்துக்கொண்டாள். எதிரே உட்கார்ந்து டிலானி தின்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

காலையில் தண்ணீர் பிடிப்பது டிலானியின் வேலை. ரொட்டி சுட்டு மலைக்குப் பொட்டலம் கட்டுவது மூத்தவளின் வேலை. தனக்குக் குறைத்த நான்கு ரொட்டியையும் ஜெயந்தினி டிலானியின் பொட்டலத்தில் வைத்தாள். துருவிய தேங்காய்ப்பூவை அள்ளிப் போட்டுத் தடிப்பாகவே சுட்டாள். டிலானியின் தேத்தண்ணியில் மூன்று கரண்டி சீனி போட்டாள். நல்லா ஊதட்டும் என்று மனசாரப் போட்டாள்.

டிலானி ஒரு ரொட்டியைக்கூட மிச்சம் வைக்கவில்லை. அப்படியும் ஊதவில்லை. மூன்று மாதத்தில் இன்னும் மெலிந்துதான் போனாள். ஜெயந்தினி வல்லாரைக் கீரையை மென்று மென்று நான்கு கிலோ குறைந்திருந்தாள், அதை ஏறெடுத்துப் பார்க்க ஒரு ஆள் இல்லை.

மறுபடி சோதனைக்குப் போகும்போது, "துணைக்கு வாடி" என்று டிலானியையும் இழுத்துக்கொண்டு போனாள். தின்ற ரொட்டியெல்லாம் எங்கேயாவது ஒளிந்திருக்கும், தராசு காட்டிக்கொடுத்துவிடும் என்பது அவள் கணக்கு.

"நீயும் தராசுல ஏறிப் பாரேன்" என்றாள் ஜெயந்தினி.

டிலானி ஏறினாள். நாற்பத்தொரு கிலோ.

"கல்யாணத்தப்ப எவ்வளவு இருந்தீங்க?" என்று மிஸி கேட்டாள்.

"நாப்பத்தெட்டு, மிஸி."

மிஸியின் முகம் மாறியது. தாகம் எடுக்கிறதா, ராத்திரியில் எத்தனை தடவை எழும்புகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே விரலில் குத்தி ரத்தம் எடுத்தாள். மெஷினில் நானூற்றுப் பத்து என்று விழுந்தது.

"சீனி இவ்வளவு கூடினா ஆள் இப்புடித்தான் இளைச்சுப் போகும். ரொட்டியால மட்டும் வர்றதில்ல. ஆனா இந்த உடம்புக்கு இவ்வளவு மாவும் சீனியும் போட்டா என்னத்துக்கு ஆகும்? ஒடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். வீட்டுல யாரு சமைக்கிறது?"

"அக்காதான், மிஸி. நல்லாப் பாத்துக்குவாங்க" என்றாள் டிலானி.

இத்தனை நாளும் ஜெயந்தினி பொறாமைப்பட்டது ஒரு வியாதியைப் பார்த்து. அந்த வியாதிக்குத் தன் கையாலேயே தீனியும் போட்டிருக்கிறாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகத் தோட்டத்து வேன் மலையிறங்கும்போது ஜெயந்தினியால் அடக்க முடியவில்லை.

"நீ குண்டாகணும்னுதான்டி வச்சேன். ஒன்னயப் பாத்து எனக்கு அவ்வளவு வயித்தெரிச்சல்."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சுமா தின்ன?"

டிலானி ஜன்னல் கண்ணாடியில் சாய்ந்துகொண்டாள். பேசவே அவளுக்கு மூச்சு வாங்கியது.

"எவ்வளவு தின்னாலும் பசி அடங்கல. உங்க ஒடம்பப் பாத்து எனக்குந்தான் பொறாம. எலும்பு தெரியாம சேல கட்ட எனக்கும் ஆச இருக்காதா? அதான் நீங்க வைக்க வைக்கத் தின்னேன்."

ஜெயந்தினி அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கையில் எலும்புதான் இருந்தது.