தெலுங்கிலிருந்து தமிழுக்கு

பொறுமை என்பது எனக்குப் பிறவியிலேயே கிடையாது. பெங்களூர் ரயில் ஊரிகம் ஸ்டேஷனுக்குள் நுழைவதற்கு முன்பே பிளாட்பாரத்தின் ஓரத்தில் போய் நிற்கிறவள் நான். அப்படிப்பட்டவளை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பிரவுசர் படாத பாடு படுத்திவிட்டது.

எல்லாம் அப்பா கேட்டதால் வந்தது. தொண்டையில் கட்டி வந்து, ஆபரேஷன் செய்து அவருடைய குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் எங்களோடு பேசுவதெல்லாம் கட்டிலின் இரும்புச் சட்டத்தில் டம்ளரால் தட்டித்தான். அவர் வேலை பார்த்த தங்க மைனில் ஆட்களை இறக்கி ஏற்றும் கேஜுக்கு மணி அடிப்பார்களே, அந்தக் கணக்கு. கேஜ் ஓடும்போது ஒரு மணி அடித்தால் நிறுத்து. நிற்கும்போது அதே ஒரு மணி அடித்தால் மேலே தூக்கு. இரண்டு மணி என்றால் கீழே இறக்கு. வீட்டிலும் அதே சட்டம். சோறு போடும்போது ஒரு தட்டு என்றால் போதும். சும்மா படுத்திருக்கும்போது ஒரு தட்டு என்றால் தூக்கி உட்கார வை. இரண்டு தட்டு, படுக்க வை. இது தவிர அவர் எதுவும் கேட்டதில்லை.

அன்றைக்குத் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். பிறகு என் லேப்டாப்பைக் காட்டினார். எனக்குப் புரியவில்லை. அம்மாவுக்குப் புரிந்தது.

"ரெண்டு பசங்க வந்து படம் புட்சினு போனாங்களே, அதப் போடச் சொல்றாருடி. அவரு கொரல அவரு கேக்கணுமாம்."

ஆபரேஷனுக்கு முன்னால், பெங்களூரிலிருந்து இரண்டு பையன்கள் கேமராவோடு எங்கள் லைன் வீட்டுக்கு வந்து, மைன் வேலையைப் பற்றி அப்பாவைப் பேச வைத்து இன்டர்நெட்டில் போட்டார்கள். அவர் குரல் மிச்சமிருப்பது அந்த ஒரு வீடியோவில்தான். இத்தனை நாளும் அதைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வெடிச் சத்தத்தில் மந்தமாகிப்போன காது அவருக்கு. போன் சத்தம் எட்டாது. லேப்டாப்பை டிவி ஸ்பீக்கரில் மாட்டி, போனிலிருந்து நெட் கொடுத்து வீடியோவைப் போட்டேன். அப்பா திரையில் வந்தார். வாயைத் திறந்தார். வேறு எவனோ பேசினான்.

"நான் முதன்முறையாகக் கூண்டில் இறங்கியபோது என் செவிகள் அடைத்துக்கொண்டன."

"இன்னாடி இது, நியூஸ் வாசிக்கிறவன் மாதிரி இருக்குது?" என்றாள் அம்மா. "கூண்டுன்றான்? உங்கப்பா இன்னா கிளியா?"

எனக்கு உடனே தெரிந்துவிட்டது, இது நானே வைத்துக்கொண்ட வினை. ஆபீஸில் பார்க்கச் சொன்ன டிரெயினிங் வீடியோ எல்லாம் இந்தியில் இருந்தது. பார்க்கிற வீடியோவை எல்லாம் தமிழுக்கு மாற்றட்டுமா என்று பிரவுசர் கேட்டது. படித்துக்கூடப் பார்க்காமல் சரி என்று அமுக்கியிருந்தேன். நான் சுவிட்சைத் தேடுவதற்குள் அந்த ஆள் இன்னொன்றும் சொன்னான்.

"அம்மையீர், இவர்களுக்குத் தேநீர் கொண்டு வாருங்கள்."

"கட்டிக்கினு வந்த நாள்லேர்ந்து இப்டி ஒரு மரியாதயப் பாத்ததில்ல," என்று சொல்லிவிட்டு அம்மா சமையல்கட்டுக்குப் போய்விட்டாள்.

டங் என்று ஒரு தட்டு. வீடியோ ஓடிக்கொண்டிருந்தது, அதனால் நிறுத்து என்று அர்த்தம். நிறுத்தினேன். அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவர் வீம்பு எனக்குத் தெரியும். ஒரு முறை வேண்டாம் என்று திரும்பிவிட்டால் செத்தாலும் மறுபடி கேட்கமாட்டார். "தோ ஆச்சுப்பா, ஒரு நிமிஷம்," என்று சொல்லிக்கொண்டே செட்டிங்ஸுக்குள் புகுந்தேன்.

இந்த வீடியோவுக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம் என்றேன். சரி என்றது. பக்கத்தைத் திரும்பத் திறந்தால் அதே ஆள் பேசினான். எந்த மொழியை மொழிபெயர்க்கவே கூடாது என்று சொல்ல ஓர் இடம் இருந்தது. அதில் தமிழைச் சேர்த்தேன். ஒழிந்தான் என்று வீடியோவைப் போட்டால், "நான் முதன்முறையாக" என்று ஆரம்பித்தான். லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். அதற்குள் நெட் போனது. போனைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கும் வாசலுக்கும் நடந்தேன். உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அம்மா கொடுத்த டீ ஆடை கட்டிப் போயிருந்தது. அப்பாவின் முதுகைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. தமிழில் பேசுகிற மனிதரைத் தமிழில் மொழிபெயர்க்க இதற்கு யார் சொன்னது?

அப்போதுதான் வீடியோவின் மூலையில் பொடி எழுத்தைப் பார்த்தேன். தெலுங்கிலிருந்து தமிழுக்கு.

அப்பா தெலுங்கு பேசுகிறார் என்று அந்த மெஷின் நினைத்துக்கொண்டிருந்தது!

அதைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் பாட்டன்மார் வேலூர்ப் பக்கத்திலிருந்து கொண்டுவந்த தமிழ் இது. அதில் ஷிப்ட், லெவல் என்று துரைமார் விட்டுப்போன இங்கிலீஷ் இருக்கும். பக்கத்து வீட்டுத் தெலுங்கு வாக்கியத்துக்கு வாக்கியம் எட்டிப் பார்க்கும். மெட்ராஸில் போய் வாயைத் திறந்தால் தெலுங்கா என்கிறார்கள். பெங்களூரில் தமிழா என்கிறார்கள். இப்போது இதுவும் கேட்கிறது. கேட்டால்கூடப் பரவாயில்லை, தானே முடிவுகட்டிவிட்டது. எனக்கு வந்த கோபத்தில் சிரிப்பும் வந்தது.

மொழிபெயர்க்கக் கூடாத மொழிகளில் தெலுங்கையும் சேர்த்தேன். அப்பா தமிழ்தான் பேசுகிறார் என்று அதனிடம் வாதாடிப் பயனில்லை. வீடியோவை முதலிலிருந்து விட்டேன்.

"மொத மொத கேஜ்ல எறங்கறப்போ காது ஙொய்னு அடச்சிக்கும். இன்னா கத்துனாலும் கேக்காது."

கரகரத்த, பாதி இருமலான, எங்கள் அப்பாவின் குரல். கட்டிலில் முதுகு அசைந்தது. அவர் மெதுவாக இந்தப் பக்கம் திரும்பினார். உதடுகள் திரையோடு சேர்ந்து அசைந்தன. திரையில் இருந்த அப்பா பேச்சை நிறுத்தி, கேமராவுக்கு வெளியே பார்த்து ஒரு சத்தம் போட்டார்.

"இந்தாமே, இவங்களுக்கு டீ எட்னு வா!"

"தோ வர்றேன்," என்று சமையல்கட்டிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள்.

கொடுத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கையில் கரண்டியோடு வந்து நிலைப்படியில் நின்றாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. மிச்ச வீடியோ ஓடி முடிந்தது.

டங் என்று ஒரு தட்டு.

நிறுத்த நான் கையை நீட்டினேன். நிறுத்த அங்கே ஒன்றும் இல்லை, ஏற்கெனவே நின்றிருந்தது. அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நிற்கும்போது ஒரு தட்டு என்றால், மேலே தூக்கு.

மறுபடியும் முதலிலிருந்து விட்டேன். அம்மா திரும்பவும் சமையல்கட்டுக்குள் போய், காதை இந்தப் பக்கம் வைத்து நின்றுகொண்டாள்.