மணலுக்கு ஏற்ற வண்டி

எனக்குக் கடலைக் கண்டால் பயம். மீனவக் குப்பத்தில் பிறந்தவன் இந்த ஒரு வரியை எழுத இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. எழுபதுகளின் கடைசியில், ஒரு மழைக்காலத்தில், பழவேற்காட்டு முகத்துவாரத்துக்கு வெளியே எங்கள் படகு கவிழ்ந்தது. அண்ணன் என் தலைமுடியைப் பிடித்து இழுத்துவந்து கரையில் போட்டார். எல்லோரும் பிழைத்தோம். அடுத்த வாரமே எல்லோரும் மறுபடி கடலுக்குப் போனார்கள். நானும் போனேன். ஆனால் கரை கண்ணிலிருந்து மறைந்ததும் என் கை நடுங்கத் தொடங்கிவிடும். வலை இழுக்கிற சாக்கில் அதை மறைத்துக்கொள்வேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குப் பெண் கூடக் கிடைத்திருக்காது.

அதனால்தான் மதராஸுக்குப் போய் ஒரு லாரி செட்டில் சேர்ந்தேன். இரண்டு வருஷம் வண்டிக்கு அடியில் படுத்துப் படுத்து வேலை கற்றேன், லைசென்ஸும் எடுத்தேன். நைனா படுக்கையில் விழுந்ததும் திரும்ப வேண்டியதாயிற்று. திரும்பி வந்தவனுக்குக் குப்பத்தில் படகைத் தவிர வேறு என்ன இருக்கிறது? அண்ணனுடைய படகில் என் இடம் அப்படியே காலியாக இருந்தது. படகை நடத்துகிறவர் அவர்தான்; சுக்கான் அவர் கையில். குப்பத்தில் வயதானவர்கள்கூட அவரை மரியாதையாகத்தான் கூப்பிடுவார்கள்.

அந்தச் சமயத்தில்தான் இறாலுக்குத் திடீர் கிராக்கி வந்தது. எங்கள் குப்பம் லைட்ஹவுஸ் குப்பத்துக்கும் வடக்கே, ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஏரி. ஏரிக்கரைப் படகுத்துறைக்குத் தினமும் காலையில் பழவேற்காட்டிலிருந்து ஐஸ் படகு வரும். குப்பத்திலிருந்து துறைக்குப் போவதென்றால் மணலில் ஒரு மணி நேர நடை. பெண்கள் கூடையைத் தலையில் சுமந்து போய்ச் சேர்வதற்குள் வாரத்தில் பாதி நாள் படகு கிளம்பியிருக்கும், இறால் கெட்டுத் தலை கறுத்திருக்கும். ஊர்ப் பொதுப் பணத்தில் ஒரு ஜீப் வாங்குவது என்று பஞ்சாயத்தில் முடிவானது. வண்டியைப் பற்றித் தெரிந்தவன் ஊரிலேயே நான் ஒருத்தன்தான்.

பஞ்சாயத்துத் தலைவர் எல்லார் எதிரிலும் சொன்னார்: "வண்டி மணல் தாண்டுச்சுன்னா நீதான் டிரைவரு. தாண்டலன்னு வெச்சுக்கோ, வண்டிய வித்துடுவோம். நீ ஒழுங்கா உங்க அண்ணன் படகுல ஏறு."

மற்றவர்களுக்கு அது ஒரு ஜீப். எனக்கு உயிர்.

மதராஸுக்கு வெளியே ஒரு கொட்டடியில் ராணுவத்தில் கழித்துவிட்ட வண்டிகளை நிறுத்தி விற்றுக்கொண்டிருந்தார்கள். அண்ணனும் கூட வந்தார். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி அங்கே இரண்டுதான் இருந்தன. ஒன்று பெரியது, லாரிக்குத் தம்பி மாதிரி. இன்னொன்று சின்ன ஜீப், பெயின்ட் உதிர்ந்து சொறி பிடித்தது போல நின்றது. அண்ணன் பெரியதைச் சுற்றிச் சுற்றி வந்தார். பானெட்டைத் தட்டிப் பார்த்தார்.

"இத எடுடா. இன்னா கம்பீரமா கீது பாரு."

நான் வண்டிக்கு அடியில் புகுந்தேன். ஸ்பேனரால் வண்டியைத் தாங்குகிற இரும்புச் சட்டத்தைத் தட்டினேன். பெரிய வண்டியின் சட்டம் இரண்டு இடத்தில் பொத்தல் சத்தம் போட்டது. உள்ளே துரு தின்றிருந்தது. உப்புத் தண்ணீர் பட்டால் ஒரு வருஷம் தாங்காது. துரு இல்லாமல் இருந்திருந்தாலும் நான் அதை எடுத்திருக்க மாட்டேன். எங்கள் வழி மூன்று விதமானது. முதலில் அலை நனைத்த ஈரமணல், சிமென்ட் போட்டதுபோல இறுகிக் கிடக்கும். அப்புறம் மேட்டு மணல், மாவு மாதிரி. கடைசியில் ஏரிப்பக்கம் உப்புப் பூத்த சேறு, மேலே காய்ந்த ஏடு, அடியில் களி. இந்த வழியில் வண்டியின் பாரமே வண்டிக்கு எதிரி. பெரிய வண்டி தன் எடையாலேயே தன்னைப் புதைத்துக்கொள்ளும்.

சின்ன ஜீப்பின் முன்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி, முன்சக்கரங்களையும் இழுக்க வைக்கிற ஃப்ரண்ட் கியரைப் போட்டு, சக்கரம் சுற்றுகிறதா என்று பார்த்தேன். சுற்றியது. புகைக்குழாய் உயரமாக இருந்தது. அடிவயிறும் தரையிலிருந்து நல்ல உயரம்.

"இதான்" என்றேன்.

கொட்டடிக்காரர் சிரித்தார். "பெரிய வண்டிய உட்டுட்டு கழுதைய ஓட்டிக்கினு போறியே தம்பி."

அண்ணன் சிரிக்கவில்லை. "நீ சொன்னா சரி" என்றார். ஆனால் முகம் சரி என்று சொல்லவில்லை.

இரண்டு படகுகளைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை போட்டு, ஜீப்பை ஏரி தாண்டிக் கொண்டுவந்தோம். மறுநாள் காலை பரீட்சை. பத்துக் கூடை இறால், தலைவர், பஞ்சாயத்துக்காரர்கள் இரண்டு பேர், இவ்வளவும் ஐஸ் படகு கிளம்புவதற்குள் துறைக்குப் போய்ச் சேர வேண்டும். முந்தின சாயங்காலமே நாலு டயரிலும் பாதிக் காற்றை இறக்கிவிட்டேன். நிறையக் காற்று இருக்கிற டயர் மணலை அறுத்துக்கொண்டு கீழே போகும். காற்றுக் குறைந்தது சப்பையாகி, மணல்மேல் பரந்து உட்காரும். ஏன் இறக்குகிறேன் என்று யாருக்கும் விளக்கவில்லை. விளக்குகிற பொறுமை எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை.

காலையில் ஆயில் பார்த்தேன், ரேடியேட்டரில் தண்ணீர் பார்த்தேன், ஃப்ரண்ட் கியரை மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். குப்பமே கரையில் கூடியிருந்தது. வண்டியைக் கிளப்பினேன்.

ஈரமணலில் ஜீப் பறந்தது. சட்டி பானையெல்லாம் அதிர்வது போல உடம்பு குலுங்கியது, ஆனால் பறந்தது. வண்டியில் இருந்த பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். அண்ணனும் படகு ஆட்கள் ஆறு பேரும் பின்னால் ஓடிவந்தார்கள். மேட்டு மணலில் திருப்பினேன். ஃப்ரண்ட் கியரைப் போட்டேன். இருபது அடி ஏறியிருக்கும். வண்டி மூச்சுவாங்கியது, பின்பக்கம் தாழ்ந்தது, நின்றுவிட்டது.

மிதித்தேன். நாலு சக்கரமும் சுற்றின, நாலும் குழி தோண்டின. இன்னும் மிதித்தேன். அச்சு வரைக்கும் புதைந்தாயிற்று.

பெரியவர்கள் இறங்கினார்கள். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. கூடைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தூரத்தில் துறையில் ஐஸ் படகின் பாய் தெரிந்தது, இன்னும் கட்டவிழ்க்கவில்லை. படகு ஆட்கள் அவர்களுக்குத் தெரிந்ததைச் செய்தார்கள்: கரையிலிருந்து துடுப்புகளை எடுத்துவந்து அடியில் கொடுத்து நெம்பினார்கள், தோளைக் கொடுத்து, கூப்பாடு போட்டுத் தள்ளினார்கள். ஜீப் கட்டுமரமா என்ன? அசையவில்லை.

தலைவர் என்னைப் பார்த்து, "படகுல உன் எடம் காலியாத்தானே கீது?" என்றார். கேலியாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. என் கை நடுங்கியது, நடுக்கடலில் நடுங்குகிற அதே நடுக்கம்.

இறங்கிச் சக்கரத்தருகே மண்டியிட்டேன். கையால் மணலை வாரித் தள்ளினேன். டயரைத் தொட்டேன். கல்லு மாதிரி இருந்தது. அடுத்ததைத் தொட்டேன், அதுவும் கல்லு. நாலும்.

"எவன்டா இதுக்குக் காத்தடிச்சது?"

அண்ணன் முன்னால் வந்தார். "நான்தாண்டா. காலைல பாத்தேன், நாலும் சப்பிப்போய் கெடந்துச்சு. நீ லாரி செட்லேர்ந்து கொண்டாந்த கைப்பம்ப எடுத்து அடிச்சேன். வலைல கட்டற மெதவைல காத்து எறங்கிட்டா முழுவிடும் இல்ல? காத்து நெறஞ்சிருந்தாத்தானே மெதக்கும்."

உண்மையில் தப்பு என்னுடையது. டயரைப் பார்க்காமல் வண்டி எடுக்கிற டிரைவர் டிரைவரே இல்லை. அது அப்போதே எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கத்தினேன்.

"மெதவையா? அறிவு கீதா உனக்கு? வண்டியப் பத்தி இன்னா தெரியும்னு தொட்ட? போடா அந்தாண்ட!"

அண்ணனை நான் 'டா' போட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். ஊர்ப் பெரியவர்கள் எதிரில், அவருடைய ஆட்கள் எதிரில். படகு ஆட்களில் ஒருவர் என் சட்டையைப் பிடிக்க வந்தார். அண்ணன் கையை நீட்டித் தடுத்தார். பிறகு குனிந்து, "எங்க அமுக்கணும், காட்டு" என்றார்.

ஒரு ஆணியால் டயரின் வால்வு ஊசியை அமுக்கிக் காட்டினேன். ஆளுக்கு இரண்டு சக்கரம். சீறிக்கொண்டு காற்று வெளியேறியது. டயர்கள் மெல்லத் தொய்ந்து அகன்றன. சக்கரங்களுக்கு முன்னால் மணலைச் சரித்து வழி செய்தோம். பெரியவர்களும் நானும் மறுபடி ஏறி உட்கார்ந்தோம்; ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல், சும்மா தொட்டேன். வண்டி ஒரு நிமிஷம் யோசித்தது. பிறகு குழியிலிருந்து எழுந்து, மேட்டைத் தாண்டி, அந்தப் பக்கச் சேற்றின் ஏட்டையும் உடைக்காமல் கடந்து, துறையில் போய் நின்றது. ஐஸ் படகுக்காரர் கூடையைத் திறந்து பார்த்து, "இன்னா, இன்னைக்கு இறால் துள்ளுது" என்றார்.

தலைவர் என் தோளில் தட்டினார். "வண்டி உன் கைலதான்டா இனிமே."

நான் திரும்பி அண்ணனைத் தேடினேன். அவர் துறைக்கு வரவில்லை.

குப்பத்தில், கரையில் ஏற்றிய படகின் நிழலில், தனியாக வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன். மன்னிப்பு என்கிற வார்த்தையை எங்கள் வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. எனக்கும் வாயில் வரவில்லை. அதனால் முட்டாள்தனமாக, "ஏண்ணா என்னைக் கேக்காம காத்தடிச்ச?" என்றேன்.

அவர் நிமிராமலே பேசினார். "வண்டி நின்னுட்டா நீ படகு ஏறணுமே. நெனச்சுக்கினே படுத்தா தூக்கம் வர்ல. வெளுக்கறதுக்கு முன்ன எழுந்து வந்து பாத்தேன்."

"ஏறுனா இன்னா? ஏறிட்டுப் போறேன்."

"டேய்." இப்போது நிமிர்ந்தார். "நீ வலை இழுக்கறப்போ எதிர்ல நிக்கறவன் நான். உன் கை எனக்குத் தெரியாதா?"

எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. அவர் மறுபடி வலைக்குள் குனிந்துகொண்டார்.

"பெரியவங்க எதிர்ல என்னை ஏசினியே, அது நல்லதாப் போச்சு" என்றார். "வண்டில உனக்கு மேல யாரும் இல்லன்னு அவங்களுக்கு வெளங்கிடுச்சு. என் படகுல உன் எடத்துக்கு வேற ஆள் பாத்துட்டேன். நாளைக்கே வரான்."