ஒத்தைத் தும்மலும் டபுள் விசிலும்

கண்டக்டர் வேலைக்குக் கை வேண்டும், கால் வேண்டும், தொண்டை வேண்டும். மூக்குக்கு இதில் வேலையே இல்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். திண்டுக்கல்லில் கிளம்பி ஒட்டன்சத்திரம், பழனி வழியாகப் பாலசமுத்திரம் போய்த் திரும்புகிற தனியார் பஸ் எங்களுடையது. ஏழு வருஷமாக அந்தோணி அண்ணன் ஸ்டியரிங், நான் விசில். மழை விட்டு, ரோட்டோரம் பார்த்தீனியம் வெள்ளை வெள்ளையாகப் பூத்து, மக்காச்சோளமும் பூ எடுத்துவிட்டால் எனக்குத் தும்மல் சீசன். தும்மலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கூடவே ஓர் அசதி வரும் பாருங்கள், விடியும்போதே மூட்டை தூக்கி இறக்கியவன் மாதிரி உடம்பு கிடக்கும். கர்ச்சீப்பும் கையுமாகத் திரியும் சக தும்மல்காரர்களே, இதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் சோம்பேறித்தனம்.

நல்ல காரியத்துக்குப் போகிறவர்கள்

தை மாதம், முகூர்த்த நாள். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் பூவும் பழத்தட்டுமாக ஒன்பது பேர் ஏறினார்கள். பழனியில் பெண் பார்க்கப் போகிறார்களாம். நான் விசிலை வாய்க்குக் கொண்டுபோன நேரம், ஒரே ஒரு தும்மல் வந்தது. அந்தக் கூட்டத்தில் பெரியவர் ஒருவர் எழுந்து, “வண்டிய எடுக்காதீங்க” என்றார். ஒத்தைத் தும்மல் ஆகாது, ரெட்டைத் தும்மல்தான் நல்லது என்பது ஊருக்கே தெரிந்த சட்டம்.

இன்னொன்று போடச் சொன்னார்கள். வேண்டாத நேரத்தில் வரிசையாக வருகிற தும்மல், கேட்டால் வருமா? சூரியனைப் பார்த்தேன், மூக்கைக் கசக்கினேன், ஒன்றும் நடக்கவில்லை. பின்னால் நின்ற பஸ்காரர் ஹாரனில் கையை வைத்து எடுக்கவே இல்லை. கடைசியில் ஒரு பயணி மடியிலிருந்து மூக்குப்பொடி மட்டையை எடுத்து நீட்டினார். ஒரு சிட்டிகைதான் இழுத்தேன், தொடர்ந்து ஐந்து. பெரியவர் விரல் விட்டு எண்ணிவிட்டுச் சொன்னார்: “மொதல்ல வந்ததோட ஆறு. மூணு சோடி ஆச்சுல்ல, எடுங்க வண்டிய.”

கொத்தமல்லிக்கட்டு

எங்கள் தொழிலிலும் அதே சட்டம்தான். ஒரு விசில் அடித்தால் நில், இரண்டு அடித்தால் போ. ஒட்டன்சத்திரம் மார்க்கெட் ஸ்டாப்பில் ஒருவர் பெரிய கொத்தமல்லிக்கட்டைப் பின்படியில் ஏற்றிவிட்டு, கீழே இருந்த இன்னொரு பையை எடுக்கத் திரும்பினார். என் வாயில் விசில் இருந்தது. அடுத்தடுத்து இரண்டு தும்மல். அந்தோணி அண்ணன் சட்டம் மீறாதவர். காதில் டபுள் விசில் விழுந்ததும் கிளப்பிவிட்டார்.

எனக்குக் கண்ணில் தண்ணீர். நான் தெளிந்து ஒற்றை விசில் கொடுப்பதற்குள் வண்டி வெகுதூரம் வந்துவிட்டது. மனிதர் ஆட்டோ பிடித்து வந்து ஏறினார். கோபமே இல்லை, மூச்சுதான் வாங்கியது. உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: “ஏனுங்க கண்டக்டர், கொத்தமல்லி மட்டும் தனியா பழனிக்குப் போயி என்னங்க பண்ணும்?”

நின்றபடி ஒரு தூக்கம்

அதற்குப் பயந்து மருந்துக் கடையில் நானாகவே கேட்டு ஒரு தும்மல் மாத்திரை வாங்கிப் போட்டேன். தும்மல் நின்றது, நானும் நின்றேன், பின்படிக் கம்பியில் சாய்ந்து, கண்ணை மூடி. மூன்று ஸ்டாப் போனதே தெரியாது. இறங்க வேண்டியவர்கள் கத்திய பிறகுதான் விழித்தேன். தினமும் வரும் பூக்கார அக்கா என் முகத்துக்குக் கிட்டே வந்து மோந்து பார்த்தார். வாடை ஒன்றும் வரவில்லை என்பதில் அவருக்கு ஏமாற்றம்.

செய்தி முதலாளியிடம் போனது. இன்னொரு தடவை தூங்கினால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்றார். இந்த வண்டியையும் அந்தோணி அண்ணனையும் விட்டு நான் எங்கே போவேன்? பூக்கார அக்கா சொன்னதுதான் அதைவிடச் சுட்டது: “தண்ணி போட்டவன்கூட ஸ்டாப்பு வந்தா முழிச்சுக்கிருவான், தம்பி.”

டாக்டரம்மா

அந்தோணி அண்ணன்தான் கையோடு காது மூக்குத் தொண்டை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார். எட்டு மணி நேரம் படுக்கிறேன், ஆனாலும் அசதி போகவில்லை என்றேன். படுப்பது வேறு, தூங்குவது வேறு என்றார் அவர். பூக்களின் மகரந்தத் தூளை எதிரி என்று நினைத்து உடம்பு நாள் முழுக்கச் சண்டை போடுகிறதாம். ராத்திரி மூக்கு அடைத்துக்கொண்டால் தூக்கம் அரைகுறையாக அறுந்து அறுந்து போகிறதாம். இந்த இரண்டுக்கும் மேலே, தூக்கம் வரவழைக்கிற மாத்திரையை நானே வேறு போட்டிருக்கிறேன்.

எனக்குத் தோதான, அவ்வளவாகத் தூக்கம் வராத மாத்திரை எழுதினார். மூக்குக்கு ஒரு ஸ்பிரே; ஒரே நாளில் கேட்கவில்லை என்று நிறுத்தாமல் தினமும் அடிக்க வேண்டும். கொதித்து ஆறிய தண்ணீரில் உப்புக் கலந்து மூக்கைக் கழுவ வேண்டும். வண்டியில் மாஸ்க். யூனிபார்மை மொட்டைமாடியில் காயப்போடாமல் வீட்டுக்குள் காயப்போட வேண்டும். வேலை முடிந்து வந்ததும் உடுப்பை மாற்றித் தலைக்கு ஊற்றிவிட்டுத்தான் கட்டில். நான் பஸ்காரன் என்பதால் கடைசியில் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார்: “உங்க தலைமுடியில ஏறி வர்ற தூளையெல்லாம் பாத்ரூம் ஸ்டாப்புலயே எறக்கி விட்ருங்க, தலகாணி வரைக்கும் கூட்டிட்டுப் போகாதீங்க.”

முதலாளியின் ஜன்னல் சீட்

இரண்டு வாரம் விடாமல் செய்தேன். ஒரு நாள் விடிந்து எழுந்தால் உடம்பு லேசாக இருக்கிறது. என் உடம்புதானா என்று சந்தேகமாக இருந்தது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

டாக்டரம்மா வைத்தியத்தை அந்தோணி அண்ணன் எடுத்துச் சொல்லியும் நம்பாமல், அந்த வாரமே, நான் தூங்குகிறேனா என்று பார்க்க முதலாளி வண்டியில் ஏறினார். ஒட்டன்சத்திரம் வரை வந்து திரும்புவதாகச் சொல்லி, கடைசி ஜன்னல் சீட்டில், ஜன்னலை முழுக்கத் திறந்துவிட்டு உட்கார்ந்தார். நான் படியில் விறைப்பாக நின்றேன். ஊர் தாண்டியதும் முதல் தும்மல் கேட்டது. என்னுடையது அல்ல. முதலாளி மூக்கைத் துடைத்தார், கண்ணைக் கசக்கினார், பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து விழுங்கினார். அட்டையைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, என்னைப் படியில் தூங்கவைத்த அதே மாத்திரை.

ஒட்டன்சத்திரத்தில் இரண்டு தடவை கூப்பிட்டேன். சிவந்த கண்ணை ஒரு முறை திறந்து மூடிக்கொண்டார். முன்னாலிருந்து அந்தோணி அண்ணன், “விடு அப்பு, செத்த நேரம் தூங்கட்டும்” என்றார். பழனியும் போனது. பாலசமுத்திரத்தில் எல்லோரும் இறங்கிய பிறகுதான் எழுந்தார். வெளியே பார்த்தார், என்னைப் பார்த்தார். மறுபடி ஊர் எது என்று உறுதி செய்துகொண்டார். வேறு ஆள் பேச்சை எடுப்பாரோ என்று பயந்தேன். மூக்கை உறிஞ்சியபடி கேட்டார்: “வேற ஆளெல்லாம் ஒண்ணும் வேணாம்ப்பா, நீயே இரு, அந்த டாக்டரம்மா ஆஸ்பத்திரி எந்தத் தெருவுல இருக்குன்னு மட்டும் சொல்லு.”

ஆக, சக தும்மல்காரர்களே, கண்டக்டர் தூங்கினால் அது குற்றம், முதலாளி தூங்கினால்தான் அதற்கு அலர்ஜி என்று பெயர்.