வீட்டில் ஆங்கிலம் மட்டும்

டொராண்டோ பஸ்ஸில் என் எதிரே ஒரு வெள்ளைக்காரப் பெண் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். குழந்தைக்கு மூன்று மாதம்கூட இருக்காது. அதனிடம் சிவப்பு விளக்கைப் பற்றிச் சொன்னாள், மழையைப் பற்றிக் கேள்வி கேட்டாள், அது முனகியதும் தலையாட்டி மேலே பேசினாள். பைத்தியம் என்று நினைத்தேன். என் மடியில் என் மகன் கவின் வாயைத் திறக்காமல் இருந்தான். இரண்டரை வயதாகியும் ஒரு சொல் பேசாதவன்.

பைத்தியக்காரன் நான்தான். கனடா வந்த நாளிலிருந்து, "பிள்ளையோடு ஆங்கிலம் மட்டும் பேசுங்கள், இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்தில் பின்தங்கிவிடுவான்" என்று புத்தி சொல்லாத ஆள் இல்லை. எல்லாரும் நம்மவர்கள். நானும் மனைவி சாந்தியும் கேட்டுத் தொலைத்தோம். எங்களிடம் இருந்ததோ வேலைத்தளத்து ஆங்கிலம். "கம்." "ஈட்." "ஸ்லீப்." அதற்குமேல் சரக்கு இல்லை. இலங்கையில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நான் கூப்பிட்டால் அடுத்த லயத்து வரிசை வீடுகளுக்கும் கேட்கும். இங்கே என் வீட்டில் ஃப்ரிஜ் மட்டும்தான் சத்தம் போட்டது.

பயந்துபோய் விடுமுறைக்கு மூவரும் எங்கள் தோட்டம் இருக்கும் கலஹாவுக்குப் போனோம். என் அக்கா ராணி அங்கே பிள்ளைக்காம்பராவில் ஆயா. தாய்மார் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனால் குழந்தைகள் அவள் பொறுப்பு. நாங்கள் நுழைந்தபோது சேலைத் தொட்டிலில் கிடந்த நாலு மாதக் குழந்தையை விசாரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னாங்க தொரை, இன்னைக்கு கொழுந்து எத்தன கிலோ?"

அது காலை உதைத்து "ஊ" என்றது.

"அடேங்கப்பா, எம்பது கிலோவா! கணக்கப்புள்ள மயங்கி விழுந்துருவாரு."

நான் கவினிடம் "கம், சிட்" என்றேன். அக்கா திரும்பினாள்.

"டேய், நீ புள்ள வளக்குறியா, நாய் பழக்குறியா?"

மறுநாள் அவளே எங்களைப் பேராதனைக்கு பஸ் ஏற்றி ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள். யாழ்ப்பாணத்துக்காரர். சோதித்துவிட்டு, "காது நல்லாத்தான் இருக்கு. வீட்டில ஆர் பிள்ளையோட கதைக்கிறது?" என்றார். ஆங்கிலம் மட்டும் பேசிய கதையைச் சொன்னேன்.

"பிள்ளை சத்தம் போட, நீங்கள் பதில் சொல்ல, பிள்ளை திரும்பவும் சத்தம் போட, அப்பிடித்தான் மூளைக்குள்ள இணைப்புகள் பலப்படுது. எந்தப் பாஷை எண்டாலும் சரி. உங்களுக்குக் கோபம் எந்தப் பாஷையில வரும்?"

"தமிழ்லதாங்க."

"அப்ப தமிழில கோபப்படுங்கோ. கனடா போனதும் அங்க ஒரு டாக்டரிட்டத் திரும்பக் காட்டுங்கோ."

"இதுக்கு ஆராய்ச்சி வேறயா?" என்று அக்கா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குழந்தைகளோடு என்ன வெட்டிப் பேச்சு என்று தோட்டத்துப் பெரிய மனிதர் ஒருவர் இதே அக்காவைத் திட்டியிருக்கிறார். அந்த ஆள் வந்து இந்த டாக்டரம்மா முன்னால் உட்கார வேண்டும்.

ஒரு மாதம் தங்கினோம். கத்தினேன், பாடினேன், கவினைத் திட்டினேன், அவனிடம் திட்டு வாங்குவதுபோல நடித்தேன். நாலாவது வாரம் அவன் தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்து, "தொயை!" என்றான். சாந்தி அழுதாள். அக்கா மட்டும் அசரவில்லை. "சொல்லுங்க பெரிய தொரை" என்று உடனே பதில் கொடுத்தாள்.

இப்போது டொராண்டோவில் பகல்நேரப் பராமரிப்புக்குப் போகிறான். போன வாரம் அவனைக் கூட்டிவரப் போனேன். டீச்சர் ஆங்கிலத்தில் ஏதோ கேட்க, அவன், "அப்பா காலைல சப்பாத்து காணோம்னு கத்துச்சு" என்று கலஹாப் பேச்சில் என் மானத்தை வாங்கினான். ஒன்றும் புரியாத டீச்சர் மகிழ்ந்துபோய் இன்னொரு கேள்வி கேட்டாள். அவன் அவளுக்கு ஓர் ஆங்கிலச் சொல், எனக்கு ஒரு தமிழ்ச் சொல் என்று இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பேசினான். அவனுடைய குட்டிக் குளிர்க்கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வாசலில் உள்ளே ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக, என் முறை வரட்டும் என்று நின்றேன்.