ட்ரிங்க்கெல்டுக்கு நான் சொன்ன தமிழ்

முதல் நாள்

ஜெசிந்தா வேலைக்கு வந்த முதல் நாள் என்னிடம் ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டார். அதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லியிருந்தால் இந்தக் குறிப்பை எழுத வேண்டி வந்திராது.

டோர்ட்மண்டில் ஒரு ஜேர்மன் உணவகத்தில் மேசைப் பணியாளர்களுக்குப் பொறுப்பாளனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஷ்னிட்செல் என்ற பொரித்த இறைச்சி, வசந்தத்தில் வெள்ளை ஷ்பார்கெல் தண்டு, நவம்பரில் வாத்து என்று பருவத்துக்குப் பருவம் கூட்டம் வரும் இடம். ஊரில் சிறிது காலம் கணிதம் படிப்பித்தவன் என்பதால் தமிழர்கள் என்னை மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள். ஜேர்மன் மொழியையும் இலக்கணத்தோடு படித்தேன். அதனால்தான் சமையலறையில் நிற்காமல் மேசைகளுக்கு வந்தேன். அதில் எனக்குப் பெருமை இருந்தது.

ஜெசிந்தா மன்னார்க்காரி. தட்டுக் கழுவும் இடத்துக்கு, நாங்கள் ஷ்பூலே என்று சொல்லும் பகுதிக்கு வந்தார். கணவர் குடியில் போனவர். மகளைத் தனியாக வளர்த்துக்கொண்டிருந்தார்.

மேசைப் பணியாளர்கள் விருந்தினர் தரும் அன்பளிப்பில், அதாவது டிப்ஸில், ஒரு பகுதியைச் சமையலறைக்கென்று ஒரு தகர டப்பாவில் போடுவது எங்கள் வழக்கம். அதைப் பிரித்துக் கொடுப்பது என் வேலை. அன்று மதிய வேலை முடிந்ததும் ஜெசிந்தாவின் பங்கைக் கையில் கொண்டுபோய் நீட்டினேன்.

“இது ட்ரிங்க்கெல்ட். உங்கட பங்கு.”

“அப்பிடியெண்டா என்ன அண்ணை?”

“ட்ரிங்க் எண்டா குடி. கெல்ட் எண்டா காசு. குடிக்கிற காசு.”

சொற்களைப் பிரித்துக் காட்டுவது என் வாத்தியார் புத்தி. சொல்லுக்குச் சொல் அது சரியும்கூட. ஆனால் அவர் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

“குடிக்கிற காசோ? எனக்கு வேண்டாம் அண்ணை. குடியால அழிஞ்ச வீடு என்ர. கேவலார் மாதாவுக்கு முன்னால நேந்தனான், அதோட சேந்த ஒண்டையும் தொடமாட்டன் எண்டு.”

கேவலார் இங்கே எங்கள் ஆட்கள் யாத்திரை போகும் மாதா கோயில். ஒரே ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது. ‘இல்லைத் தங்கச்சி, அது வெறும் பெயர்தான்.’ அந்த நேரம் டீமோ என்ற மேசைப் பணியாளன் கதவருகே நின்று என்னைக் கூப்பிட்டான். “சரி, பிறகு பாப்பம்” என்று சொல்லிக் காசைச் சட்டைப் பைக்குள் போட்டேன். அந்தப் ‘பிறகு’ சில வருடங்கள் வரவில்லை.

நன்றி போகும் இடம்

ஜேர்மனியில் விருந்தினர் மேசையில் காசை வைத்துவிட்டுப் போவதில்லை. பணம் கட்டும்போது தொகையைக் கூட்டிச் சொல்வார், அல்லது தாளைக் கொடுத்து ‘ஸ்டிம்ட் ஸோ’ என்பார். மீதி வேண்டாம் என்று பொருள். தாளை நீட்டும்போது ‘டாங்கே’, அதாவது நன்றி, என்று சொன்னாலும் பல இடங்களில் அதே பொருள்தான். எங்கள் ஆட்கள் மரியாதைக்கு டாங்கே சொல்லிவிட்டு, மீதிக் காசு வராமல் முழித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்துச் சிரித்திருக்கிறேன். சொல் தெரியாதவனைப் பார்த்துச் சிரிப்பது எனக்கு அவ்வளவு இலகுவாக இருந்தது.

ஆக, விருந்தினரின் நன்றி முழுவதும் மேசைப் பணியாளனின் இடுப்பில் தொங்கும் பேர்சுக்குள்தான் விழும். சட்டமும் அப்படித்தான்: யார் கையில் கொடுத்தாரோ அவருடையது. சமையலறைக்குப் போவது எங்களுக்குள் இருக்கும் இணக்கத்தால் மட்டும்.

ஓர் அன்னையர் தினம். மதியம் ஒரு மேசைகூடக் காலியில்லை. தட்டுக் கழுவும் இயந்திரம் நடுவில் நின்றுவிட்டது. சமையல்காரர் தலையில் கை வைத்துவிட்டார். ஜெசிந்தா இரண்டு தொட்டிகளிலும் கொதிநீரை நிரப்பினார். சமையல்காரரின் உதவியாளன் கையில் ஒரு துணி, முதலாளி அம்மா கையில் ஒரு துணி கொடுத்தார்.

“மாஸ்டர், அவவுக்குச் சொல்லுங்கோ, முதலாளியெண்டா கை நனையாதோ எண்டு. துடைக்கச் சொல்லுங்கோ!”

நான் நாகரிகமாக மாற்றிச் சொன்னேன். முதலாளி அம்மா சிரித்துக்கொண்டே துடைத்தார். நான் அவருக்குக் குறுக்கே நின்றபோது, “வாயைப் பிளந்துகொண்டு நிக்காமல் தட்டைக் கொண்டுபோங்கோ, ஆறப்போகுது” என்று என்னையும் துரத்தினார். ஒரு விருந்தினருக்கும் உள்ளே நடந்தது தெரியாது. அவ்வளவு பேரையும் அவ்வளவு கலகலப்பாக வேலை வாங்கிய ஒருவரை நான் என் தொழிலில் வேறு கண்டதில்லை.

அன்று எல்லோருடைய பேர்சும் கனத்தது. டப்பாவும் நிறைந்தது. அன்றைக்கும் அவருடைய பங்கை நானே எடுத்தேன்.

எதற்குச் செலவழித்தேன் என்று கேட்டால் ஒன்றும் நினைவில் இல்லை. தேவை என்று ஒன்று இருந்திருந்தால் நினைவிருக்கும். ‘அவருடைய நேர்த்திக்கடனை மதிக்கிறேன்’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கையைத் தண்ணீருக்குள் வைத்து நிற்பவரின் வேலையைவிட வாயால் நான் செய்யும் வேலை பெரிது என்ற எண்ணமும் உள்ளே இருந்தது. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

பண்டி உண்டியல்

மதியத்துக்கும் மாலைக்கும் இடையிலான ஓய்வில் நாப்கின் மடித்துக்கொண்டிருந்தேன். ஜெசிந்தா புதிதாக வெட்டிய தலைமயிருடன் வந்து முன்னால் நின்றார். குடியுரிமை விண்ணப்பத்துக்குப் படம் எடுக்கவென்று சலூனுக்குப் போயிருந்தார்.

“மாஸ்டர், ஒண்டு கேக்கட்டோ?”

“கேளுங்கோ.”

“அந்தச் சலூன்காரப் பிள்ளை கண்ணாடிக்குக் கீழ ஒரு பண்டி உண்டியல் வைச்சிருக்கிறாள். ட்ரிங்க்கெல்ட் எண்டு எழுதிக் கிடக்கு. பிள்ளை, நீ குடிக்கிறனியோ எண்டு கேட்டன்.”

பன்றிப் பொம்மை உண்டியலைத்தான் சொன்னார். நான் நாப்கினைக் கீழே வைத்தேன்.

“விழுந்து விழுந்து சிரிக்கிறாள். வயித்துப் பிள்ளைக்காரி, மாஸ்டர். தொட்டில் வாங்கச் சேர்க்கிறாளாம்.” அவர் சிரிக்கவில்லை. “விருப்பப்பட்டு ஒரு ஆள் கையில வைக்கிற காசுக்கு எங்கட ஊரில என்ன பேர்? சொல்லுங்கோ, படிச்ச மனுசன்.”

“சந்தோசம்” என்றேன்.

“ஓம், சந்தோசம். அந்தச் சொல் அண்டைக்கு வாயில வரேல்லையோ, நீங்கள் வரவிடேல்லையோ?”

“அண்டைக்கு வரேல்லை. அடுத்த நாள் வந்தது. நான் சொல்லேல்லை.”

“என்ர பங்கு?”

“நான் எடுத்தனான்.”

எதிரே கிடந்த கதிரையில் உட்கார்ந்தார்.

“ஒரு துளி குடிக்காத மனுசன் எண்டு உங்களில மரியாதை வைச்சிருந்தன். குடிக்காமலே என்ர காசைக் குடிச்சிட்டியள்.”

‘இஷ்’

அது ஒரு மோசமான வாரம். பணம் கட்டும் அட்டை இயந்திரம் புதிதாக வந்திருந்தது. அன்பளிப்பும் அதிலேயே வந்ததால் டப்பா வெறுமையாகிக்கொண்டிருந்தது. முதலாளி அம்மா எல்லோரையும் கூப்பிட்டு, “நான் பிரித்தால் வரிச் சிக்கல். நீங்களே பேசி முடிவெடுங்கள். முடியாவிட்டால் எவருடைய மேசையோ அவருக்கே” என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் மதியம், விருந்தினர் இல்லாத கூடத்தில் கூடினோம். ஜெசிந்தாவின் ஜேர்மன் சமையலறைக்குப் போதும், இதற்குப் போதாது. என்னைப் பக்கத்தில் இருத்திக்கொண்டார். எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது.

“மகளுக்கு வீடு வீடாய்ப் போய் நோயாளியளைப் பாக்கிற வேலை குடுக்கினமாம், கார் ஓட்டத் தெரிஞ்சால் மட்டும். இஞ்ச லைசென்ஸ் எடுக்கிறது ஒரு சின்னக் கலியாணச் செலவு. என்ர சம்பளத்தில ஏலாது. எனக்கும் பங்கு வேணும். இதைச் சொல்லுங்கோ.”

சொன்னேன். டீமோ தோளைக் குலுக்கினான். கெட்டவன் அல்ல, நேரே பேசுகிறவன்.

“ஷ்பூலே இவ்வளவு காலமும் பங்கு எடுத்ததில்லையே. ஜெசிந்தா தானாகத்தானே வேண்டாமென்றாள்? நாங்கள் யாரும் பறிக்கவில்லை. வழக்கம் அதுதான்.”

எல்லோரும் தலையாட்டினார்கள். அவர் வேண்டாமென்றதை நான்தான் அவர்களுக்குச் சொல்லியிருந்தேன், பங்கு என் பைக்குள் போவதைச் சொல்லவில்லை. என் பொய் இந்த வீட்டின் வழக்கமாக மாறியிருந்தது. இனி யார் ஷ்பூலேக்கு வந்தாலும் அதே வழக்கம்தான்.

ஜெசிந்தா என் பக்கம் திரும்பினார். “நான் சொல்லுறதைச் சொல்லுக்குச் சொல் மாத்துங்கோ. சுருக்கவேண்டாம். இந்த மனுசன் எனக்குப் பிழையாப் பொருள் சொன்னவர். நான் பிழையா விளங்கிக்கொண்டன் எண்டு தெரிஞ்சும் திருத்தேல்லை. என்ர பங்கை எடுத்தவர்.”

மொழிபெயர்ப்பாளனுக்கு ஒளிய எத்தனையோ இடம் உண்டு. ‘இந்த மனுசன்’ என்பதை ‘ஒருவர்’ ஆக்கலாம். ‘எடுத்தவர்’ என்பதை ‘கிடைக்கவில்லை’ ஆக்கலாம். “அவர் சொல்கிறார்…” என்று தொடங்கினேன். நிறுத்தினேன். பிறகு ‘இஷ்’ என்று தொடங்கினேன். ஜேர்மனில் ‘நான்’. நான் பிழையாகப் பொருள் சொன்னேன், தெரிந்தும் திருத்தவில்லை, அவருடைய பங்கை எடுத்தேன்.

முதலில் வாய் திறந்தவன் டீமோ. “நீயா? எங்கள் ஜேர்மனுக்கே இலக்கணம் திருத்துகிறவன்!”

யாரும் சிரிக்கவில்லை.

ஜெசிந்தா என்னைப் பற்றிப் பிறகு ஒரு சொல்லும் பேசவில்லை. நேரே விஷயத்துக்கு வந்தார். எவர் எந்த வேலை செய்தாலும் செய்த மணித்தியாலத்தைப் பார்த்துப் பிரிப்போம் என்றார். டீமோ விடவில்லை. “விருந்தினரைப் பார்த்துச் சிரிப்பது நான். அதற்குத்தானே கொடுக்கிறார்கள்?”

எனக்காகக் காத்திராமல் தன் சமையலறை ஜேர்மனிலேயே திருப்பிக் கொடுத்தார் ஜெசிந்தா. தமிழில் சொன்னால் இப்படி வரும்: “நீ ஊத்தைத் தட்டில ஷ்னிட்செலை வைச்சிட்டுச் சிரி. என்ன தருவினமெண்டு நானும் வந்து பாக்கிறன்.”

கூடம் அதிர்ந்தது. அதிகம் சிரித்தவன் டீமோதான். ஆனால் ஒன்று கேட்டான்: நாள் முடிவில் கணக்குப் பார்க்கும்போது பேர்சில் காசு குறைந்தால் மேசைப் பணியாளன்தானே தன் கையிலிருந்து கட்டுகிறான், அதற்கு ஏதாவது வேண்டாமா? அதை நான் மாற்றிச் சொன்னதும் ஜெசிந்தா உடனே தலையாட்டினார். “ஓம், அது ஞாயம். மேசைக்காரருக்குக் கொஞ்சம் கூடப் போகட்டும்.” வெல்லப்போகும் நேரத்தில் எதிராளியின் நியாயத்தை எடுத்துக் கொடுக்கிற மனம் எனக்கு இருந்ததில்லை. டீமோ கையை உயர்த்தினான், தனக்குக் குறையும் என்று தெரிந்தே. மற்றவர்களும் உயர்த்தினார்கள்.

பிறகு

முதலாளி அம்மா என்னை வேலையிலிருந்து நீக்கவில்லை. ஓய்வுக்குச் சில மாதங்களே இருந்தன. பங்கு பிரிக்கும் பொறுப்பை மட்டும் எடுத்து டீமோவிடம் கொடுத்தார். அது எனக்குத் தகும்.

எடுத்ததை ஊகித்து ஓர் உறையில் வைத்துக் கொடுத்தேன். ஜெசிந்தா ‘பரவாயில்லை’ என்று சொல்லவில்லை. என் முன்னாலேயே எண்ணினார். “காணாது, மாஸ்டர். அன்னையர் தினம் ஒண்டை விட்டிட்டியள் போல” என்றார். மறுநாள் கூட்டிக் கொடுத்தேன். அதையும் எண்ணினார். மகளின் ஓட்டுநர் பள்ளிக்கு அந்த வாரமே காசு போனது. மகள் இரண்டாம் முறைதான் சித்தியடைந்தாள். வேலை கிடைத்துவிட்டது.

ஜெசிந்தா மாலை வகுப்பில் ஜேர்மன் படிக்கப் பெயர் கொடுத்தார். படிவம் நிரப்ப நான் உதவட்டுமா என்று கேட்டேன்.

“வேண்டாம் மாஸ்டர். உங்கட தமிழ் எனக்குச் செலவு கூட.”

இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை. கேட்கும் உரிமை எனக்கில்லை.

உணவக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். பங்கு பிரிக்கும் பொறுப்பு ஒருநாள் உங்கள் கைக்கு வரும். யாராவது தன் பங்கை வேண்டாம் என்பார். அந்த ‘வேண்டாம்’ உங்களுக்கு இலாபமாக இருந்தால், இன்னொரு தரம் கேளுங்கள். ஏன் வேண்டாம் என்றும் கேளுங்கள்.